ஏழாம் முடிச்சு

அன்புள்ள கோமதிக்கு,

உன் எழுபத்தோராம் கடிதம் சென்ற செவ்வாயன்று வந்து சேர்ந்தது. மூன்று முறை படித்தேன். அதில் நீ நான்கு விஷயம் கேட்டிருக்கிறாய். ஒன்று, நான் எந்தத் தேதியில் வீடு வந்து சேருவேன். இரண்டு, முன்னறைச் சுவருக்கு என்ன நிறம் அடிப்பது. மூன்று, முத்தரசி கேட்கச் சொன்னது: அங்கே காற்று அடிக்குமா அப்பா? நான்கு, என் போன கடிதம் ஏன் அரைப் பக்கத்தில் முடிந்துவிட்டது.

வழக்கம்போல வரிசைப்படி பதில் எழுதத்தான் உட்கார்ந்தேன். முதல் கேள்வியிலேயே பேனா நின்றுவிட்டது. அதனால் மூன்றாவதிலிருந்து தொடங்குகிறேன். மற்றவற்றுக்குப் பதில் அதற்குள்ளேயே வந்துவிடும்.

முத்தரசியிடம் இப்படிச் சொல். இங்கே காற்று உண்டு. நம் ஊர் ஆடிக் காற்றெல்லாம் அதன் முன்னால் ஒன்றுமில்லை. ஆனால் அது எங்கள் மேல் அடிப்பதில்லை, ஏனென்றால் நாங்களே அதற்குள்தான் போய்க்கொண்டிருக்கிறோம். ஓடுகிற ரயில் பெட்டிக்குள் பறக்கும் ஈக்கு ரயிலின் வேகம் தெரியுமா? அதுபோல. வெள்ளியின் தரை ஒரு சுற்றுச் சுற்றி முடிக்க இருநூற்று நாற்பத்து மூன்று நாள் எடுத்துக்கொள்கிறது. அவ்வளவு சோம்பேறித் தரைக்கு மேலே, மேகங்களின் உச்சி நான்கே நாளில் கோளைச் சுற்றி வந்துவிடுகிறது. எங்கள் நிலையம் அதற்குச் சற்றுத் தாழ்வாக, தரையிலிருந்து ஐம்பத்தைந்து கிலோமீட்டர் உயரத்தில், பலூன்களில் தொங்கிக்கொண்டு அதே ஓட்டத்தில் மிதக்கிறது. ஆறு நாளுக்கு ஒரு சுற்று. மணிக்கு இருநூற்றைம்பது கிலோமீட்டர் வேகம். சன்னலுக்கு வெளியே கம்பியில் ஒரு சிவப்பு நாடா கட்டியிருக்கிறோம். அது அசையாமல் நேராகத் தொங்கும். டம்ளரில் விளிம்பு வரை காபி ஊற்றி வைத்தாலும் ஒரு சொட்டு சிந்தாது. ஆறு வருஷம் ஆகியும் அந்த நாடாவைப் பார்க்க எனக்கு அலுக்கவில்லை. இவ்வளவு பெரிய வேகம் இவ்வளவு சத்தமில்லாமல் இருக்க முடியும் என்பதை நான் வேறெங்கும் கண்டதில்லை.

ஆனால் இந்த ஓட்டத்துக்கு ஒரு சாய்வு உண்டு. நம்மைச் சுற்றவைத்துக்கொண்டே மெல்ல மெல்லத் துருவத்தின் பக்கம் ஒதுக்கும். துருவத்தில் பெரிய சுழி ஒன்று இருக்கிறது. ஆளில்லாத மிதவைகள் இரண்டு அதற்குள் போயின. பிறகு பேச்சு மூச்சில்லை. அதனால் நூறு நாளுக்கு ஒரு தடவை நிலையத்தை மூன்று கிலோமீட்டர் கீழே இறக்குவோம். அங்கே இன்னொரு ஓட்டம், மெதுவானது, நடுக்கோட்டுப் பக்கம் திரும்பிப் போகிறது. அதில் ஏறி மூன்று வாரத்தில் நடுக்கோட்டுக்கு வந்து மறுபடி மேலே எழுவோம். ஊருக்குத் திரும்புகிறவர்களைக் கப்பலுக்கு ஏற்றிவிடும் ராக்கெட்டை நடுக்கோட்டுக்குப் பக்கத்தில்தான் ஏவ முடியும். இதை நினைவில் வைத்துக்கொள், உன் முதல் கேள்விக்கான பதில் இங்கேதான் இருக்கிறது.

மேலோட்டத்துக்கும் கீழோட்டத்துக்கும் நடுவே இருக்கிற காற்று அடுக்கு சாதுவாக இருக்கும் நாளில்தான் இறங்க வேண்டும். இதை எனக்குப் புரியவைத்தவர் செங்கமலம் அக்கா. முன் கடிதங்களில் அவரைப் பற்றி ஒன்றிரண்டு வரி எழுதியிருக்கிறேன். பரமக்குடிக்காரர், வயது ஐம்பத்தொன்று, இங்கே காற்று பார்க்கிற வேலை. இயந்திரப் பிரிவு ரஹமத்துல்லா ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் அவரை மடக்கினான்.

"அக்கா, நிலையான அடுக்கு, நிலையில்லாத அடுக்குங்கறீங்க. காத்துக்கு ஏது நிலை?"

"ரஹமத்து, ஒரு கைப்பிடி காத்த எடுத்துக் கீழ தள்ளுறேன்னு வையி. அது திரும்பி மேல வருமா, இல்ல அப்படியே போயிக்கிட்டே இருக்குமா? அம்புட்டுதான் கேள்வி."

"அத எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

"கீழ போற காத்து அமுங்கும். அமுங்குனா சூடாகும். சுத்தி இருக்கிற காத்தவிட அது சூடா இருந்தா லேசாயிரும், மேல வந்துரும். சுத்தி இருக்கிறது அதவிடச் சூடா இருந்துச்சுன்னா இதுதான் கனம். போனது போனதுதான். நாம அதுல மாட்டுனா நம்மளயும் இழுத்துக்கிட்டுப் போகும்."

"எங்க மச்சான் மாதிரின்னு சொல்லுங்க. கடைக்குப் போயிட்டு வாடான்னு தள்ளிவிட்டா அப்படியே போயிக்கிட்டே இருப்பான்."

"அப்ப ஒம் மச்சான் நிலையில்லாத அடுக்கு. அவன் இருக்கிற பக்கம் நாம எறங்கக்கூடாது."

மேசையே சிரித்தது. நான் அந்தக் கேள்வியைத் தனியாக எடுத்து வைத்துக்கொண்டேன். தள்ளினால் திரும்பி வருமா, வராதா?

அதை அளக்கத்தான் வால். நிலையத்துக்கு அடியில் மூன்று கிலோமீட்டர் நீளத்துக்குக் கயிறு ஒன்று தொங்குகிறது. எல்லாரும் வால் என்றுதான் சொல்வோம். இருநூற்றைம்பது மீட்டருக்கு ஒரு முடிச்சு, மொத்தம் பன்னிரண்டு. ஒவ்வொரு முடிச்சிலும் ஒரு வெப்பமானி. ஒரு முடிச்சிலிருந்து அடுத்த முடிச்சுக்கு இறங்கும்போது சூடு இரண்டரை டிகிரிக்குள் ஏறினால் அடுக்கு சாது. அதற்கு மேல் ஏறினால் இறங்கக் கூடாது. இரண்டரை என்ற எண் இங்கே சமையல்காரருக்கும் தெரியும்.

முடிச்சுகளிலிருந்து கணினிக்கு நேராகச் செய்தி போகும் இணைப்பை இந்த மேகத்தின் அமிலம் போன வருஷமே தின்றுவிட்டது. மாற்று உறுப்பு அடுத்த கப்பலில்தான் வரும். அதுவரை கைவேலை. வாலறையில் பன்னிரண்டு முள் வட்டுகள் இருக்கின்றன. ஒருவர் முள்ளைப் பார்த்து வாசிக்க வேண்டும். இன்னொருவர் அதைத் திருப்பிச் சொல்லி ஸ்லேட்டில் எழுத வேண்டும். காகிதம் குறைவு என்பதால் ஸ்லேட். பிறகு ஸ்லேட்டைப் பார்த்து நாளுக்கு ஒரு தாள் நல்ல பிரதி எடுத்து, அதையே கணினியில் ஏற்றிவிட்டு, ஸ்லேட்டை அழித்துவிடுவோம். வாசிப்பவர் செங்கமலம் அக்கா. எழுதுபவன் நான். என் கையெழுத்தைப் பார்த்துத்தான் எனக்கு அந்த வேலையைக் கொடுத்தார்கள்.

அவர் வாசிப்பதை நீ பார்க்க வேண்டும், கோமதி. எங்களுக்கு முன்னால் இந்த வேலை பார்த்த ஜோடிகள் பத்து நிமிஷத்தில் முடித்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்களாம். இவருக்கு முக்கால் மணி நேரம் ஆகும். முள் நடுங்கிக்கொண்டிருந்தால் அது அடங்கும்வரை நிற்பார். ஒரு கண்ணை மூடி வட்டுக்கு நேர் எதிரே முகத்தை வைத்துப் பார்ப்பார். மூன்று தடவை பார்த்துவிட்டு ஒரு தடவை சொல்வார். 'ஏறக்குறைய', 'கிட்டத்தட்ட' என்றெல்லாம் அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை. நான் திருப்பிச் சொன்ன பிறகுதான் அடுத்த வட்டுக்கு நகர்வார். வாலறைக்குள் எண்களைத் தவிர வேறு பேச்சே கிடையாது. கோயிலில் கூட நான் அப்படி ஓர் அமைதியைப் பார்த்ததில்லை.

இனி எழுதப் போவதை உட்கார்ந்து படி.

நாம் படித்த பள்ளியில் பிராக்டிகல் வகுப்பு எப்படி நடக்கும் என்று உனக்கு நினைவிருக்கும். புவியீர்ப்பை அளக்க ஊசல் கட்டி ஆடவிடுவோம். விடை தொள்ளாயிரத்து எண்பது வர வேண்டும் என்று எல்லாருக்கும் முதலிலேயே தெரியும். நம் ஊசலுக்கு எண்ணூற்றுச் சொச்சம்தான் வரும். அதனால் விடையை முதலில் எழுதிவிட்டு, அதற்கேற்ற நேரங்களைப் பின்னாலிருந்து கணக்குப் போட்டு ரெக்கார்டு நோட்டில் நிரப்புவோம். வரைபடத்தில் புள்ளிகளெல்லாம் நூல் பிடித்தாற்போல் ஒரே கோட்டில் உட்காரும். என் நோட்டை மற்ற வகுப்புகளுக்கு எடுத்துப்போய்க் காட்டுவார்கள். நீ கூட அதை வாங்கிப் பார்த்து எழுதினாய். பொய் சொல்கிறோம் என்று நம்மில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அதற்குப் பெயர் சுத்தமாக எழுதுவது.

நாற்பது நாளுக்கு முன்னால் ஏழாம் முடிச்சு கொஞ்சம் தூக்கலாகக் காட்டத் தொடங்கியது. ஆறிலிருந்து ஏழுக்கு இரண்டு புள்ளி எட்டு. அதற்கு மேலே உள்ள முடிச்சுகளெல்லாம் இரண்டு, இரண்டு புள்ளி ஒன்று என்று ஒழுங்காக இருந்தன. ஏழாம் வெப்பமானி கெட்டுவிட்டது என்று முடிவு செய்தேன். யாரிடமும் கேட்கவில்லை. நல்ல பிரதி எடுக்கும்போது அதை இரண்டு புள்ளி ஒன்று ஆக்கினேன். ஏழைக் குறைத்ததால் எட்டு கோணலாகத் தெரிந்தது. எட்டையும் குறைத்தேன். பிறகு ஒன்பது. பிறகு பத்து. ஒரு மாதத்தில் பன்னிரண்டாம் முடிச்சு வரும்போது இரண்டு டிகிரிக்கு மேல் வெட்டியிருந்தேன். கோடு அழகாக வந்தது. செங்கமலம் அக்கா உண்மையை வாசிப்பார். நான் உண்மையைத் திருப்பிச் சொல்வேன். உண்மையை ஸ்லேட்டில் எழுதுவேன். பிறகு தாளில் வேறொன்றை எழுதிவிட்டு ஸ்லேட்டை ஈரத்துணியால் துடைத்துவிடுவேன்.

உள்ளே வேறு ஒன்றும் இருந்திருக்குமோ என்று இப்போது யோசிக்கிறேன். ஊர் திரும்பும் பட்டியலில் பன்னிரண்டு பேர். அதில் நானும் ஒருவன். ரஹமத்துல்லாவும் ஒருவன், மேலப்பாளையத்தில் அவன் உம்மா எட்டு மாதமாகப் படுக்கையில். கப்பல் நவம்பர் ஒன்பதாம் தேதி கிளம்புகிறது. அதைவிட்டால் பூமியும் வெள்ளியும் மறுபடி வாகாக வர பத்தொன்பது மாதம் ஆகும். ஒன்பதாம் தேதிக்குள் நடுக்கோட்டுக்குப் போய்ச் சேர வேண்டுமானால் அக்டோபர் பதினாறு, வியாழக்கிழமை மதியத்துக்குள் இறங்கத் தொடங்க வேண்டும். கோடு நேராக இருக்க வேண்டும் என்று என் கைக்கு யார் சொன்னது, பள்ளிக்கூடமா, நீயும் முத்தரசியுமா? எனக்கே தெரியவில்லை.

முடிச்சுக்கு முடிச்சு கழித்துப் பார்ப்பது கணினியின் வேலை; இறங்கும் நாள் நெருங்கவே, அந்த வாரம்தான் செங்கமலம் அக்கா தானே மனதில் கழித்துப் பார்க்கத் தொடங்கியிருந்தார். செவ்வாயன்று, உன் கடிதம் வந்த அதே நாளில், அவர் தலைவரிடம் போய், "எறங்கக் கூடாது" என்றார்.

தலைவர் இன்பசேகரன் ஈரோட்டுக்காரர். குரலை உயர்த்தாதவர். எங்கள் பன்னிரண்டு பேரையும் கூப்பிட்டுவைத்துத்தான் பேசினார். சுவரில் கணினியின் வரைபடத்தைப் போட்டார். என் எண்களின் வரைபடம்.

"பாருங்கக்கா. நாப்பது நாள் கோடு. ஒரு முடிச்சாவது இரண்டரையத் தாண்டியிருக்குதுங்களா?"

அக்கா அந்தக் கோட்டை வெகுநேரம் பார்த்தார். "நான் வாசிக்கிறது இது இல்லீங்க தம்பி. ஏழுலருந்து கீழ, ரெண்டு எட்டு, ரெண்டு ஏழுன்னு வருது. நேத்தும் வந்துச்சு."

"நீங்க வாசிச்சதுதானுங்களே தாள்ல இருக்குது?"

"ஆமா. அதான் எனக்கும் வெளங்கல."

தலைவர், புண்படாமல் கேட்க வேண்டும் என்று பாடுபட்டுக்கொண்டே கேட்டார். "அக்கா, தப்பா நெனச்சுக்காதீங்க. கண்ணு காட்டி எத்தன நாளாச்சு? அம்பது தாண்டிட்டா சின்ன எண்ணெல்லாம் கொஞ்சம்..."

ரஹமத்துல்லா மட்டும், "அக்கா கண்ணா? என் சட்டையில பொத்தான் இல்லன்னு அந்தக் கோடியிலருந்து சொல்லும்" என்றான். ஒருவரும் சிரிக்கவில்லை.

நான் பேசவில்லை, கோமதி. அவருக்கு மூன்றடி தள்ளி உட்கார்ந்திருந்தேன். என் கையெழுத்து சுவரில் கோடாக நின்றது.

அக்கா கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் தலையாட்டிவிட்டு நேராக டாக்டரிடம் போனார். ஒரு மணி நேரம் கண் சோதனை செய்துகொண்டார். வியாழக்கிழமை காலை, இறங்குவதற்கு ஆறு மணி நேரம் இருக்கும்போது, வாலறைக்கு வந்தார். உள்ளே வந்ததும் வட்டுகளைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார். அந்த அறையில் எண் அல்லாத பேச்சு அன்றுதான் முதல் தடவை.

"தம்பி, ஒண்ணு கேக்கணும். மறைக்காம சொல்லணும்."

"சொல்லுங்கக்கா."

"டாக்டரம்மா கண்ணு சரியா இருக்குன்னு சொல்லுது. ஆனா கோடு வேற மாதிரி இருக்கு. நான் வாசிக்கிறப்ப மனசுல ஒண்ணும் வாயில ஒண்ணுமா வருதோ? வயசானா சில பேருக்கு அப்படி ஆகுமாம். நீங்கதான் எதிர்ல நின்னு கேக்குறீங்க. ஏழாம் முடிச்சுக்கு நான் என்ன சொல்றேன்? என் வாயி என்ன சொல்லுது?"

அவர் என்னைச் சந்தேகிக்கவில்லை. தாளை நம்பித் தன்னைச் சந்தேகப்பட்டார். தான் கண்ணால் பார்த்த முள்ளைவிட, அவர் முன்னால் நின்று ஒவ்வொரு எண்ணையும் திருப்பிச் சொன்ன என்னை நம்பினார்.

"நீங்க சரியாத்தான் சொல்றீங்கக்கா. நாப்பத்திரண்டு புள்ளி நாலுன்னு சொல்வீங்க. நான்தான் நாப்பத்தொண்ணு புள்ளி ஏழுன்னு எழுதிட்டேன்."

"எதுக்கு?"

"கோடு வளையக் கூடாதுன்னு."

அவர் பக்கத்தில் இருந்த பெட்டியின் மேல் உட்கார்ந்தார். நான் எதிர்பார்த்தது வேறு. அவர் இரண்டு கண்களையும் விரலால் அழுத்திவிட்டுக்கொண்டு, "அப்பாடி. எனக்கு ஒண்ணுமில்ல" என்றார். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. இரண்டு நாளாக அந்த மனுஷி என்ன பாடு பட்டிருப்பார் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"எத்தன நாளா?"

"நாப்பது நாளாக்கா."

"ஏழ நீங்க திருப்பிச் சொல்றப்ப குரல்ல ஒரு சின்ன இழுப்பு வரும். கவனிச்சேன். சளியோன்னு நெனச்சுக் கேக்காம விட்டுட்டேன். கேட்டிருக்கணும். அது என் தப்பு." எழுந்தார். "ஸ்லேட்ட எடுங்க."

பன்னிரண்டு முடிச்சையும் புதிதாக வாசித்தார். அன்றும் முக்கால் மணி நேரம்தான். ஒரு நிமிஷம் கூடக் குறைக்கவில்லை. ஆறிலிருந்து ஏழு, மூன்று புள்ளி ஒன்று. அதற்குக் கீழே எல்லாமே இரண்டரைக்கு மேல். நான் துணியை எடுக்கவில்லை. ஸ்லேட்டைக் கையில் பிடித்துக்கொண்டு தலைவரிடம் போனோம்.

வழியில் ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "நீங்க பேசுங்க. நான் பக்கத்துல நிக்கிறேன்."

சாப்பாட்டு அறையில் எல்லாரும் இருந்தார்கள். பெட்டிகளைக் கட்டி வாசலோரம் அடுக்கியிருந்தார்கள். நான் சொன்னேன். முதல் நாளிலிருந்து, ஒன்றையும் விடாமல், பிராக்டிகல் வகுப்பு வரை சொன்னேன். தலைவர் ஸ்லேட்டை வாங்கி ஒவ்வொரு எண்ணாகக் கழித்துப் பார்த்தார். பிறகு அக்காவைப் பார்த்து, "மன்னிச்சுக்குங்க. உங்க கண்ணப் பத்திப் பேசியிருக்கக் கூடாது" என்றார். மைக்கை எடுத்து, இறக்கம் இல்லை என்று அறிவித்தார்.

ரஹமத்துல்லா எழுந்து வந்தான். அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம்.

"அண்ணே, மொதல் நாளே சொல்லியிருந்தா?"

அதுதான் கேள்வி. நாற்பது நாளுக்கு முன்னால் ஏழாம் முடிச்சை மட்டும் எழுதியிருந்தால், அப்போது கீழே எல்லாம் சாதுவாக இருந்தது, ஏழும் இடையிடையே இரண்டரைக்குள் அடங்கும், அந்த நேரம் பார்த்து முன்கூட்டியே இறங்கியிருக்கலாம். எல்லாரும் நவம்பர் ஒன்பதாம் தேதி கப்பலில் இருந்திருப்போம். நான் வெட்டிய அந்த முக்கால் டிகிரிதான் வரப்போவதைச் சொல்லிக்கொண்டிருந்தது.

"ஊருக்குப் போயிருப்போம், ரஹமத்து."

அவன் தன் பெட்டியை எடுத்துக்கொண்டு அறைக்குப் போய்விட்டான்.

மதியம் இரண்டு பத்துக்கு, நாங்கள் அந்த அடுக்கின் நடுவில் இருந்திருக்க வேண்டிய நேரத்தில், மேசையில் இருந்த டம்ளர்கள் நகர்ந்தன. ஆறு வருஷத்தில் முதல் தடவையாக. சன்னலுக்கு வெளியே சிவப்பு நாடா மேல்நோக்கி எழுந்து நின்று படபடவென்று அடித்துக்கொண்டது. முத்தரசி கேட்ட காற்றை அன்று பார்த்தேன். கீழே இருந்த அடுக்கு புரண்டு வாலைப் பிடித்து இழுத்தது. அதோடு நிலையமும் முப்பது மீட்டர் இறங்கி, ஊஞ்சல் போல ஆடி, திரும்பி மேலே வந்தது. நாங்கள் இருந்த அடுக்கு சாதுவானது. தள்ளினால் திரும்பி வருவது.

செங்கமலம் அக்கா அதற்குள் வாலறைக்கு ஓடியிருந்தார். நான் பின்னால் ஓடினேன். வட்டுகளின் முட்கள் ஆடிக்கொண்டிருந்தன. அவர் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, முகத்தை வட்டுக்கு நேரே வைத்து, ஒரு கண்ணை மூடினார்.

"ஏழாம் முடிச்சு. அம்பத்தொண்ணு புள்ளி ரெண்டு."

"ஏழாம் முடிச்சு. அம்பத்தொண்ணு புள்ளி ரெண்டு" என்றேன். எழுதினேன்.

அதற்கப்புறம் ஏழிலிருந்து பன்னிரண்டு வரை எல்லா முட்களும் ஒரே நேரத்தில் சுழியத்தில் விழுந்தன. வால் அறுந்துவிட்டது. அக்கா ஒவ்வொரு வட்டின் எதிரிலும் போய் நின்று, "எட்டாம் முடிச்சு, இல்ல. ஒம்போதாம் முடிச்சு, இல்ல" என்று வாசித்தார். நான் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லி எழுதினேன். இப்படி ஒரு மனுஷியோடு வேலை செய்ய எனக்கு என்ன தகுதி இருக்கிறது என்று நினைத்துக்கொண்டே எழுதினேன்.

எழுத்து வேலையிலிருந்து என்னை எடுத்துவிடும்படி நானே தலைவரிடம் கேட்டேன். அக்காதான் வேண்டாம் என்றார். "புதுசா ஒரு ஆளு வந்தா அவருக்கும் கோடு வளைஞ்சா கை குறுகுறுக்கும். இவருக்கு இனிமே குறுகுறுக்காது" என்றாராம்.

இப்போது அடுக்கு அடங்கிக்கொண்டிருக்கிறது. துருவச் சுழி இன்னும் தொலைவுதான். மிச்சமிருக்கிற ஆறு முடிச்சை வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக அளந்துகொண்டே, இரண்டு வாரத்தில் பத்திரமாக இறங்கத் தொடங்கலாம் என்று அக்கா சொல்கிறார். நாங்கள் நடுக்கோட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் கப்பல் போய்விடும்.

உன் முதல் கேள்விக்குப் பதில் இதுதான், கோமதி. அடுத்த கப்பலுக்கே பத்தொன்பது மாதம். இரண்டாவது கேள்விக்கு, உனக்குப் பிடித்த நிறத்தை அடி. நான் வருவதற்குள் அது மங்கிவிடும், மறுபடி சேர்ந்து அடிப்போம்.

நான்கு நாள் என்னோடு பேசாமல் இருந்த ரஹமத்துல்லா நேற்றுக் காலை வந்தான். கையில் ஒரு தாள். இங்கே ஒருவருக்கு மாதம் இரண்டு தாள்தான், அதில் ஒன்று.

"அண்ணே, உம்மாவுக்கு நான் ஏன் வரலன்னு நீங்களே எழுதுங்க. எனக்கு எழுத வரல."

"சரி, எழுதித் தர்றேன்."

"அழகா எழுதாதீங்க. நடந்தத எழுதுங்க."

அவன் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, அந்த அம்மாவுக்கு எழுதினேன். தங்கள் மகன் வராததற்குக் காரணம் நான், என் பெயர் சண்முகவேல், என்று தொடங்கினேன். என் வாழ்க்கையில் எழுதியதிலேயே மோசமான கையெழுத்து அதுதான். படமெடுத்து அனுப்பியாகிவிட்டது. பதில் இன்னும் வரவில்லை.

இனி உன் நான்காவது கேள்வி. போன கடிதம் ஏன் அரைப் பக்கம்? கையில் பொய் இருக்கும்போது நீளமாக எழுத வரவில்லை. ஆனால் அது மட்டுமல்ல. நேற்று உட்கார்ந்து யோசித்தேன். உனக்கு இதுவரை அனுப்பிய எழுபத்திரண்டு கடிதங்களும் நல்ல பிரதிகள். முதலில் ஸ்லேட்டில் எழுதுவேன். கோடு வளைகிற இடங்களைத் துடைத்துவிட்டுத் தாளில் எழுதுவேன். மூன்றாம் வருஷம் நுரையீரலில் அமிலம் போய் இருபத்தாறு நாள் படுத்துக் கிடந்தேன். உனக்கு 'லேசான சளி' என்று எழுதினேன். நீ அனுப்பிய காணொளியில் முத்தரசி என் படத்தை அடையாளம் தெரியாமல் உன் பின்னால் ஒளிந்ததைப் பார்த்து இரண்டு நாள் சாப்பிடவில்லை. 'குழந்தை நன்றாக வளர்ந்திருக்கிறாள்' என்று எழுதினேன். இங்கே வர ஒப்புக்கொண்டது சரிதானா என்று எத்தனையோ தடவை நினைத்தேன். ஒரு தடவை கூட எழுதவில்லை.

உன் கடிதங்களையும் எடுத்துவைத்துப் பார்த்தேன். எழுபத்தொன்று. எல்லாவற்றிலும் கோடு நேராக இருக்கிறது. நீயும் அதே பள்ளிக்கூடம்தானே. என் நோட்டைப் பார்த்துத்தானே எழுதினாய்.

இந்தக் கடிதத்தில் அடித்தலும் திருத்தலும் இருக்கும். இரண்டாம் பக்கத்தில் ஒரு வரி முழுக்க அடித்திருக்கிறேன், அடியில் இருப்பது தெரியும்படிதான் அடித்திருக்கிறேன். நல்ல பிரதி எடுக்கவில்லை. இப்படியே அனுப்புகிறேன்.

உன் ஏழாம் முடிச்சு எவ்வளவு என்று எழுது. நான் திருப்பிச் சொல்கிறேன்.

அன்புடன்,
சண்முகவேல்